பகிர்ந்த உழைப்பும் பூட்டிய கருவியும்

மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்ற விவாதம் எழும்போதெல்லாம் மாபெரும் கணினி நிறுவனங்களின் பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த விவாதத்தின் எல்லாக் கூறுகளையும் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு சிறு கருவியின் வரலாற்றிலேயே காண முடியும். நிரல் எழுதத்தக்க கால்குலேட்டர்தான் அந்தக் கருவி. அதைப் பயன்படுத்தும் ஆர்வலர்கள் 1974 முதல் இன்றுவரை, தாம் எழுதிய நிரல்களை, அதாவது புரோகிராம்களை, விலையின்றியோ மிகச் சிறு தொகைக்கோ ஒருவருக்கொருவர் பகிர்ந்து வந்திருக்கிறார்கள். அந்தப் பகிர்வு எவ்வாறு வளர்ந்தது, அதன் பலனை யார் அறுவடை செய்தார்கள், யார் அதைத் தடுக்க முயன்றார்கள் என்பவை இடதுசாரி இயக்கத்தினர் கருதிப் பார்க்க வேண்டிய கேள்விகள். பகிர்வது நல்லது என்ற பொது அறிவுரையோடு அவை முடிந்துவிடுவதில்லை. உழைப்பு எந்த நிபந்தனையின் கீழ் பகிரப்படுகிறது, அது இயங்கும் கருவி யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற இரண்டுமே முடிவைத் தீர்மானிக்கின்றன.

சங்கமும் சந்தையும்

1974 ஜனவரியில் அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் எச்பி-65 என்ற கால்குலேட்டரை வெளியிட்டது. விலை 795 டாலர். நூறு அடிகள் கொண்ட நிரலை அதில் எழுதலாம். எழுதியதை ஒரு சிறு காந்த அட்டையில் பதிந்துகொள்ளலாம். 1975 ஜூலையில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கூட்டாக நடத்திய அப்பல்லோ-சோயுஸ் விண்வெளிப் பயணத்தில் அமெரிக்க வீரர்கள் இந்தக் கருவியையும் உடன் எடுத்துச் சென்றனர்.

கருவி வெளிவந்த அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் நெல்சன் என்ற பொறியாளர் எச்பி-65 பயனர் சங்கத்தைத் தொடங்கினார். நிறுவனத்தைச் சாராத சங்கம் அது. '65 நோட்ஸ்' என்ற அதன் செய்தி மடலில் உறுப்பினர்கள் தமது நிரல்களையும், அடிகளைச் சுருக்கும் உத்திகளையும், கருவியின் கையேட்டில் சொல்லப்படாத இயல்புகளையும் எழுதினார்கள். ஒருவர் கண்டறிந்ததை மற்றொருவர் திருத்தினார். மூன்றாமவர் அதை மேலும் வளர்த்தார். நிறுவனமும் தனியாக ஒரு பயனர் நூலகத்தை நடத்தியது. பயனர்கள் எழுதி அனுப்பிய நிரல்களைப் பட்டியலிட்டு, கட்டணம் பெற்று விநியோகித்தது. ஒரே வகை உழைப்பு ஒருபுறம் சங்கத்தின் பொதுச் சொத்தாகவும் மறுபுறம் நிறுவனத்தின் விற்பனைக்கு உதவும் சரக்காகவும் ஒரே காலத்தில் இயங்கியது.

இந்தச் சங்கம் பின்னர் 'பிபிசி' என்ற பெயரில் விரிவடைந்தது. 1979இல் வந்த எச்பி-41சி கருவிக்காக அதன் உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நிரல்களைக் கூட்டாக எழுதி, சோதித்து, திருத்தி, ஒரே நினைவகத் தொகுதியாக உருவாக்கினார்கள். அந்தத் தொகுதியை வார்த்துத் தந்தது நிறுவனம். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் சங்க உறுப்பினர்கள். எழுதியவர்களுக்கு ஊதியம் கிடையாது. கருவியின் பயன்மதிப்பை உயர்த்திய உழைப்பு பயனருடையது. அந்த உயர்வால் பெருகிய விற்பனை நிறுவனத்தினுடையது.

1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். தமது நிறுவனத்தின் பேசிக் மென்பொருளை விலை கொடுக்காமல் படியெடுப்பது திருட்டு என்பது அதன் சாரம். அந்தப் பேசிக் மென்பொருளை உருவாக்கப் பயன்பட்டதோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியால் இயங்கிய கணினி. பொதுப் பணத்தில் இயங்கிய இயந்திரத்தில் உருவானதைத் தனியுடைமையாக்கியவர் கூட்டுப் பகிர்வைத் திருட்டு என்றார். கால்குலேட்டர் ஆர்வலர்கள் அப்போது இரண்டு ஆண்டுகளாக வேறொரு வழக்கத்தைப் பின்பற்றிக்கொண்டிருந்தார்கள். எழுதுபவரே பயனர், பயனரே எழுதுபவர் என்பது அந்த வழக்கம்.

இந்த ஆர்வலர்களை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. 795 டாலர் கருவியை வாங்க முடிந்தவர்கள் பெரும்பாலும் பொறியாளர்கள், நில அளவையாளர்கள், விஞ்ஞானிகள். ஆலைத் தொழிலாளியின் கைக்கு அந்தக் கருவி எட்டவில்லை. ஆயினும் அறிவுழைப்பு இயல்பிலேயே கூட்டுத்தன்மை உடையது, தனியுடைமைச் சட்டம் அதன்மீது பின்னர் போர்த்தப்பட்டது என்பதற்கு அவர்களது செயல் சான்றாகிறது.

சோவியத் இதழ்களின் பக்கங்களில்

பகிர்வு கலிஃபோர்னியாவுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1980இல் சோவியத் ஒன்றியத்தில் எலெக்ட்ரோனிகா பி3-34 என்ற கால்குலேட்டர் வெளிவந்தது. 98 அடிகள் கொண்ட நிரலை அது ஏற்கும். விலை 85 ரூபிள். பின்னர் எம்கே-61 வந்தது. அதில் 105 அடிகள். இவற்றில் நிரலைச் சேமித்து வைக்க வழியில்லை. கருவியை அணைத்தால் நிரல் அழிந்துவிடும். மறுமுறை ஒவ்வோர் அடியையும் விரலால் அழுத்தி உள்ளிட வேண்டும். ஆகவே நிரல் வாழ்ந்த இடம் காகிதமே.

அந்தக் காகிதத்தைத் தந்தவை பல லட்சம் பிரதிகள் விற்ற மக்கள் அறிவியல் இதழ்கள். 'நவுக்கா இ ஜீஸ்ன்', அதாவது 'அறிவியலும் வாழ்வும்', கால்குலேட்டர் பயனர்களுக்கென்றே ஒரு பகுதியை நடத்தியது. 'தெக்னிக்கா மலத்யோஷி' என்ற இளைஞர் தொழில்நுட்ப இதழ் 1985இல் ஓர் அறிவியல் புனைகதையைத் தொடராக வெளியிட்டது. நிலவிலிருந்து பூமிக்குத் திரும்பும் கலத்தை வாசகர் தமது கால்குலேட்டரில் தாமே ஓட்டிப் பார்க்கும் வகையில் கதையோடு நிரலும் அச்சிடப்பட்டது. வாசகர்கள் திருத்தங்களையும் புதிய நிரல்களையும் எழுதி அனுப்பினார்கள். கையேட்டில் இல்லாத கருவியின் இயல்புகளை ஆராய்வது ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. பிழையைக் குறிக்கத் திரையில் தோன்றும் எழுத்துகள் ரஷ்ய மொழியில் 'யெகோக்' என்று வாசிக்கப்பட்டதால், அந்த ஆய்வுக்கு 'யெகோகாலஜி' என்று ஆர்வலர்கள் வேடிக்கையாகப் பெயர் சூட்டினார்கள்.

கருவி எளியது, அதன் குறைகளும் பல. ஆனால் இங்கே பகிர்வுக்கு மேடை அமைத்தது ஒரு சிறு சங்கத்தின் சந்தா மடல் அல்ல. பொது நிதியில் மலிவாக அச்சாகிச் சிற்றூர் நூலகம் வரை சென்ற இதழ். பகிர்வு பரந்த மக்களை எட்ட வேண்டுமானால் தனிமனிதரின் நல்லெண்ணத்தோடு பொது நிறுவனங்களின் ஆதரவும் சேர வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

பகிர்வின் மூன்று நிபந்தனைகள்

1990இல் எச்பி-48எஸ்எக்ஸ் வந்தபோது பகிரும் முறை மாறியது. இரண்டு கால்குலேட்டர்களை எதிரெதிரே வைத்தால் அகச்சிவப்புக் கதிர் வழியாக நிரல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றது. கணினியுடன் கம்பி வழியாக இணைக்கவும் முடிந்தது. அதற்கான கெர்மிட் நெறிமுறை கருவிக்குள்ளேயே இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் உருவாகி உலகெங்கும் தாராளமாகப் பகிரப்பட்ட ஆக்கம் அது. உலகின் பல பகுதிகளிலிருந்து ஆர்வலர்கள் எழுதிய நிரல்கள் நெகிழ்வட்டுகளில் தொகுக்கப்பட்டுக் கைமாறின. அந்தத் தொகுப்புகளில் வெவ்வேறு நிபந்தனைகளில் தரப்பட்ட நிரல்கள் அருகருகே இருந்தன.

முதலாவது வகை, பொதுக்களம் எனப்படும் 'பப்ளிக் டொமைன்'. எழுதியவர் தமது உரிமை அனைத்தையும் துறந்துவிடுகிறார். எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். இதன் தாராளம் பாராட்டத்தக்கது. ஆனால் வேலியற்ற பொது நிலத்துக்கு நேர்வது இதற்கும் நேரக்கூடும். அந்த நிரலை எடுத்துச் சிறிது மாற்றித் தனது பூட்டிய பொருளுக்குள் ஒரு நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். மாற்றிய வடிவத்தை எவருக்கும் தர வேண்டிய கடமை அதற்கு இல்லை. எழுதியவர் துறந்த உரிமையை எடுத்தவர் துறப்பதில்லை.

இரண்டாவது வகை ஷேர்வேர். 1982இல் அமெரிக்காவில் ஜிம் நாப், ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் ஆகியோர் தனித்தனியே தொடங்கிய முறை இது. மைக்ரோசாஃப்டின் தொடக்ககால ஊழியர்களில் ஒருவரான பாப் வாலஸ் அங்கிருந்து விலகி 1983இல் தமது மென்பொருளை இவ்வாறு வெளியிட்டபோது ஷேர்வேர் என்ற பெயர் பரவியது. படியெடுத்து நண்பருக்குக் கொடுங்கள். பயன்பட்டால் எழுதியவருக்குச் சிறு தொகை அனுப்புங்கள் என்பதே அதன் அடிப்படை. இதைச் சில்லறை வணிகம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. இடைத்தரகர் இல்லாமல், பயனரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், உழைத்தவர் உழைப்புக்குக் கூலி கேட்கும் முறை அது. கட்டணமின்றி எழுதுங்கள் என்று நிரலாளரிடம் சொல்வது எளிது. அவருக்கும் வாடகையும் அரிசி விலையும் உண்டு என்பதை உழைப்பாளர் இயக்கம் மறக்கலாகாது. ஷேர்வேரின் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. மூலநிரல் பெரும்பாலும் எழுதியவரிடமே தங்கிவிடுகிறது. அவர் ஆர்வம் இழந்தாலோ முகவரி மாறினாலோ இறந்தாலோ நிரலைத் திருத்தவும் வளர்க்கவும் வேறு எவராலும் இயலாது. பதிவுச் சாவி கேட்கும் நிரலாயின் பயன்படுத்தவே இயலாது போகலாம். படிகளைப் பகிர முடிகிறது. படைப்பாற்றலைப் பகிர முடிவதில்லை.

மூன்றாவது வகை கட்டற்ற மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த ஜிஎன்யூ திட்டத்திலிருந்து 1989இல் அதன் பொது உரிமம் பிறந்தது. காப்புரிமையைத் துறக்காமல் அதையே கேடயமாக மாற்றுவது இதன் வழி. எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றிய வடிவத்தைப் பிறருக்குத் தரும்போது மூலநிரலையும் அதே உரிமைகளோடு தர வேண்டும். பொதுவில் இருந்து எடுத்தவர் பொதுவுக்கே திருப்பித் தர வேண்டும் என்ற கடமையைச் சட்டத்தின் மொழியிலேயே அது விதிக்கிறது.

பலன் சென்ற இடம்

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. எச்பி-48 ஆர்வலர்களிடையே புகழ்பெற்ற ஆக்கங்களில் ஒன்று எராபிள். பிரான்சின் கிரெனோபிள் பல்கலைக்கழகக் கணிதவியலர் பெர்னார் பாரிஸ் எழுதிய இயற்கணித மென்பொருள் அது. வேகத்துக்குப் பெயர் பெற்ற மெட்டாகர்னல் என்ற மற்றோர் ஆக்கத்தையும் இளம் பிரெஞ்சு ஆர்வலர்களே எழுதினார்கள். 1999இல் வந்த எச்பி-49ஜி கருவியின் உள்ளடக்கத்துக்கு இவ்விரண்டும் அடித்தளமாயின. ஆர்வலர் வட்டத்தில் விளைந்ததை வைத்தே நிறுவனம் தனது புதிய கருவியைக் கட்டியது. அதை உருவாக்கிய ஆஸ்திரேலியப் பிரிவையோ, இலாபக் கணக்கு ஒத்துவராததால் 2001ஆம் ஆண்டின் இறுதியில் மூடிவிட முடிவெடுத்தது. நிறுவனத்தின் முடிவு மாறினால் கருவியின் எதிர்காலமும் மாறிவிடும் என்பதை ஆர்வலர்கள் அப்போது கண்டார்கள்.

பாரிஸின் அடுத்த ஆக்கம் ஜியாக். அதை அவர் ஜிஎன்யூ பொது உரிமத்தில் வெளியிட்டார். 2013இல் வந்த எச்பி பிரைம் கருவியில் அந்த நிறுவனம் தனி ஒப்பந்தத்தின் பேரில் ஜியாக்கைச் சேர்த்தது. ஆனால் நிறுவனம் எடுத்துக்கொண்டதால் பொதுமக்கள் எதையும் இழக்கவில்லை. மூலநிரல் பொதுவில் இருக்கிறது. கணினியில் இயங்குகிறது, போட்டி நிறுவனங்களின் கால்குலேட்டர்களுக்கும் அதைக் கொண்டுசென்றிருக்கிறார்கள். எழுதியவருக்கு ஒப்பந்தமும் கிடைத்தது, உலகுக்கு நிரலும் எஞ்சியது. பகிர்வின் நிபந்தனையைச் சரியாக அமைத்தால் உழைப்பவரின் நலனும் பொது நலனும் மோத வேண்டியதில்லை.

பூட்டு

நிபந்தனை சரியாக இருந்தாலும் கருவி பூட்டப்பட்டிருந்தால் பயனில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கால்குலேட்டர்கள் அமெரிக்கப் பள்ளிகளில் நிறைந்திருக்கின்றன. அவற்றில் 1994 முதல் மாணவர்கள் நிறுவனம் அனுமதிக்காத இயந்திர மொழி நிரல்களை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். டிஐ-85 கருவியின் ஒரு பலவீனத்தைக் கண்டறிந்து எழுதப்பட்ட 'இசட்ஷெல்' அதற்கு வழி திறந்தது. விளையாட்டுகளும் கணக்கு நிரல்களும் இணைப்புக் கம்பி வழியாக மாணவரிடமிருந்து மாணவருக்குப் பரவின. கணினி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் நிரலாக்கத்தின் முதல் பள்ளியாக அந்தக் கருவி அமைய முடிந்தது.

1999இல் வந்த டிஐ-83 பிளஸ் கருவியின் இயங்குதளத்தை நிறுவனத்தின் மின்கையொப்பம் இல்லாமல் மாற்ற இயலாது. அந்தப் பூட்டின் சாவி, ஏறத்தாழ 155 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைக் காரணிப்படுத்துவதில் அடங்கியிருந்தது. 2009 ஜூலையில் ஓர் ஆர்வலர் சாதாரணக் கணினி ஒன்றை இரண்டு மாதங்களுக்கு மேல் ஓட்டி அதைக் காரணிப்படுத்தினார். மற்ற கருவிகளின் சாவிகளை ஆர்வலர்கள் பலர் தமது கணினிகளின் ஆற்றலை ஒன்றுசேர்த்துக் கண்டறிந்தார்கள். நிறுவனம் அமெரிக்க எண்மக் காப்புரிமைச் சட்டத்தைக் காட்டி, அந்த எண்களை வெளியிட்டவர்களுக்கு நீக்கல் அறிவிப்புகளை அனுப்பியது. விலை கொடுத்து வாங்கிய கருவியில் உரியவர் தமது நிரலை ஓட்டுவதற்கான எண்ணை வெளியிடுவதே சட்டமீறல் என்பது நிறுவனத்தின் வாதம். மின்னணு எல்லை அறக்கட்டளை என்ற குடியுரிமை அமைப்பு ஆர்வலர்களுக்காக வாதாட முன்வந்தது.

2020 மே மாதத்தில் அதே நிறுவனம் வேறொரு வழியைக் கையாண்டது. டிஐ-84 பிளஸ் சிஇ கருவியில் அதுவரை அனுமதித்திருந்த இயந்திர மொழி, சி மொழி நிரல்களை இயங்குதளப் புதுப்பிப்பின் மூலம் தடை செய்தது. தேர்வு முறைகேட்டைத் தடுப்பதே காரணம் என்றது. தேர்வின் நேர்மை முக்கியமானதே. ஆனால் தேர்வு நடப்பது சில மணி நேரம். தடை நீடிப்பதோ ஆண்டு முழுவதும். தேர்வறைக்கெனப் பள்ளியே கருவிகளை வழங்கலாம். கண்காணிப்பாளர் கருவியைச் சோதிக்கலாம். இத்தகைய வழிகள் இருக்க, மாணவர் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய கருவியின் ஆற்றலைப் பின்னாளில் பறிப்பது கல்விக் கொள்கை ஆகாது. விற்ற பிறகும் கருவியின் உரிமையாளராக நீடிக்கும் முதலாளித்துவ உத்தி அது.

இந்தியாவுக்கான பாடம்

இந்தியாவில் நிரல் எழுதத்தக்க கால்குலேட்டர் ஒருபோதும் பரவலான பொருளாக இருந்ததில்லை. ஆயினும் அதன் வரலாறு எழுப்பும் கேள்வி இன்று கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் தொடுகிறது. இந்திய இடதுசாரிகள் இதற்கு முன்பே இந்தக் களத்தில் நின்றிருக்கிறார்கள். 2004 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட காப்புரிமைத் திருத்த அவசரச் சட்டம் மென்பொருளுக்குக் காப்புரிமை வழங்கும் வாசலைத் திறக்க முயன்றது. இடதுசாரிக் கட்சிகளும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் எதிர்த்தனர். 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. கணித முறைகளும் கணினி நிரல்களும் அவ்வளவில் காப்புரிமைக்கு உரியவை அல்ல என்ற 3(கே) பிரிவு நிலைத்தது. ஒரு கணக்கைச் செய்யும் வழியையே தனியுடைமையாக்குவதற்கு எதிரான அரண் அது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்தலின் அடிப்படையாக ஏற்று, பொது நிறுவனத்தின் ஆதரவோடு பகிர்வு எவ்வாறு பரந்த மாணவர்களைச் சென்றடையும் என்பதைக் காட்டியிருக்கின்றன.

இவை போதா. அரசுப் பயன்பாடுகளின் மூலநிரலைத் திறந்து வைப்பதற்கான கொள்கையை ஒன்றிய அரசு 2015லேயே அறிவித்தது. ஆனால் 2020இல் கோடிக்கணக்கான மக்களின் கைபேசிகளில் ஏற்றப்பட்ட ஆரோக்கிய சேது செயலியின் மூலநிரல், பல தரப்பிலிருந்தும் கண்டனம் எழுந்த பின்னரே வெளியிடப்பட்டது. அறிவித்த கொள்கையையும் மக்கள் வற்புறுத்தினால்தான் அரசு நிறைவேற்றுகிறது.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். பொதுப் பணத்தில் எழுதப்படும் மென்பொருள் பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும். அதுவும் எவரும் எடுத்துப் பூட்டிக்கொள்ள முடியாத உரிமத்தில் திரும்ப வேண்டும். விலை கொடுத்து வாங்கிய கருவியில் தமக்கு வேண்டிய நிரலை ஓட்டும் உரிமையைப் பயனருக்குச் சட்டம் உறுதி செய்ய வேண்டும். பகிரப்படும் நிரலை எழுதுவோரின் உழைப்புக்குப் பல்கலைக்கழகங்களும் அரசு நிறுவனங்களும் ஊதியம் தர வேண்டும். தியாகத்தை நம்பி மட்டும் பொதுச் சொத்தைக் காக்க முடியாது. மாணவர் அமைப்புகளிலும் ஆசிரியர் சங்கங்களிலும் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கங்களிலும் பணியாற்றும் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளைத் தத்தம் அரங்குகளின் தீர்மானங்களில் இடம்பெறச் செய்ய வேண்டும். தாம் எழுதும் நிரலை, தயாரிக்கும் பாடக்குறிப்பை, உருவாக்கும் எழுத்துருவை எந்த உரிமத்தில் வெளியிடுகிறோம் என்பதையும் அவர்கள் குறித்து வைக்க வேண்டும்.

நூறு அடிகள் கொண்ட நிரலை ஒரு காந்த அட்டையில் பதிந்து அறிமுகமற்ற ஒருவருக்கு அஞ்சலில் அனுப்பியவர்கள் தமது உழைப்பைப் பெருக்கினார்கள், இழக்கவில்லை. இழப்பு நேர்ந்தது கருவியும் சட்டமும் பிறர் கையில் இருந்ததால்தான். பகிரும் பண்பு உழைப்போரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் விளைவைக் காக்கும் உரிமத்தையும் சட்டத்தையும் போராடியே பெற வேண்டும்.